விதைப்பு வாரத்தில் லாரி அனுப்பாத அம்மையாருக்கு

மூட்டையின் எடையையும் மனிதரின் மனத்தையும் ஒரே பார்வையில் அளந்துவிடும் அம்மையீர்! கிடங்கின் காவலே, கறாரின் வடிவே, எங்கள் சோம்பலின் தீராப் பகையே, வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த உணவு வழங்கல் அலுவலகத்தில் பணியாற்றி, தலைமை அலுவலராக உயர்ந்து, இன்று மாலை ஓய்வு பெறுகிறீர்கள். பொறுமை, நேர்மை, நேரந்தவறாமை என்று வரிசையாகத்தான் எழுதத் தொடங்கினோம். எட்டிப் பார்த்த லாரி ஓட்டுநர், "இதெல்லாம் போன தடவை ரிட்டையர் ஆனவருக்கு எழுதினதாச்சே?" என்று கேட்டுவிட்டார். ஆகவே உங்களுக்கு மட்டுமே பொருந்துவதை எழுதுகிறோம். அதில் எங்கள் தவறும் சேர்ந்தே வருகிறது, பொறுத்தருள வேண்டும்.

மழை வலுத்து மலைப்பாதை அடைபடுமுன், மேலே வாழும் ஆதிக்குடி மக்களுக்கு நான்கு மாத அரிசியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதற்கு முதல் மழை விழும் வாரத்தைக் குறித்து, அடிவாரத்து வழங்கல் நிலையத்துக்கு லாரியில் அரிசி அனுப்பிவந்தோம். குடும்பத் தலைவர் நேரில் வந்து வாங்க வேண்டும் என்பதும் விதி. இறங்க ஒரு நாள், வரிசையில் இரண்டு நாள், சுமந்துகொண்டு ஏற ஒரு நாள். ஆண்டுக்கு ஆண்டு பெயர்ப் பட்டியல் நீண்டது. அதிகம் பேருக்கு வழங்கியதற்காக எங்களுக்குக் கேடயம்கூட வந்தது. அதைத் துடைத்துத் துடைத்து அழகு பார்த்தோம். நீங்கள் ஒருவர்தான், "பசி குறைஞ்சா பட்டியல் சுருங்கணும். இது ஏன் நீளுது?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தீர்கள்.

விடை தேடி மலையேறினீர்கள். அங்கே எல்லார் வீட்டு விதைகளையும் காத்து வரும் பெண்மணி, நாங்கள் விதைக்காரம்மா என்று அழைப்பவர், உங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "முதல் மழைக்கப்புறம் நாலு நாள்தாம்மா சரிவுல ஈரம் நிக்கும். அந்த நாலு நாளும் எங்க ஆளுங்க உங்க வாசல்ல நிக்கறாங்க. விதைச்சா உங்க அரிசி இல்ல, அரிசி வாங்கினா எங்க விளைச்சல் இல்ல. எதை விடணும்னு நீங்களே சொல்லுங்க." விதைக்க ஆளில்லாமல் ஏழு வகைத் தானியம் முளைப்புத் தன்மை இழந்து போயிருந்ததையும் காட்டினார். இறங்கும் வழியெல்லாம் நீங்கள் நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டே வந்ததாக உடன் வந்த எழுத்தர் இன்றும் சொல்கிறார். பசியைப் போக்கப் போனவர்கள் பசியை வளர்த்திருக்கிறோம் என்று தெரிந்தபோது எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

மறு ஆண்டே வழங்கும் நாளை மழைக்கு ஒரு மாதம் முன்னால் நகர்த்தினீர்கள். வீட்டில் யார் வந்தாலும் கொடுக்கச் சொன்னீர்கள். கிடங்கின் ஈரம்படாத வடக்கு அறையை விதை வைக்க ஒதுக்கி, சாவியை விதைக்காரம்மாவிடமே கொடுத்தீர்கள். இப்படியெல்லாம் வழக்கமில்லை என்றது தலைமையகம். "விளைவுக்கு நானே பொறுப்பு" என்று ஒவ்வோர் ஆண்டும் தனியே கையெழுத்திட்டீர்கள். நாங்களோ நமக்கேன் வம்பு என்று நழுவினோம். பதினோரு ஆண்டுகளில் பட்டியல் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

உங்கள் கையெழுத்து இன்றோடு காலாவதியாகிறது. பொறுப்பேற்க ஆளில்லாவிட்டால் பழைய தேதிக்கே திரும்புங்கள் என்று தலைமையகத்திலிருந்து ஓலை வந்தது. மறுபடி விதைப்பு வாரத்திலா என்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஆறு பேர் துணிந்து, பொறுப்பு எங்களுடையது என்று எழுதி, உங்களுக்குத் தெரியாமல் மலைமேல் கொண்டுபோய்க் காட்டினோம்.

விதைக்காரம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அந்தம்மா எங்களுக்காகத் தனியா நின்னாங்க. அதை நாங்க மறக்க மாட்டோம். இப்ப அவங்க இடத்துல ஆறு பேரு எதுக்கு? எங்க ஊர்க்கூட்டம் நாள் குறிக்கும், நீங்க அந்த நாள்ல அனுப்புங்க. எங்க சோத்துக்கு நாங்கதானே பொறுப்பு?" என்றார். கூட்டம் கையெழுத்திட்ட கடிதம் தலைமையகம் போயிற்று. பத்து நாள் இழுத்தடித்து, நேற்று முன்தினம் ஒப்புக்கொண்டார்கள்.

அம்மையீர், நோய்நொடியின்றி, மூட்டுவலி மட்டும் அளவோடு வைத்துக்கொண்டு, எங்களை விரட்டியதுபோல் பேரப்பிள்ளைகளை விரட்டாமல், நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும். இம்மடலோடு அந்தக் கடிதத்தின் நகலையும் சட்டமிட்டுத் தருகிறோம். அதில் இருப்பது இவ்வளவுதான்: "இந்த ஆண்டு விளைந்தது எங்களுக்குப் போதும். லாரி வேண்டாம். வேண்டும் ஆண்டில் நாள் குறித்துச் சொல்வோம்." உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு சட்டத்துக்குத்தான் இடமிருக்கிறது என்றால், அதை மாட்டுங்கள். எங்கள் மடல் பரணில் கிடக்கட்டும்.

இனி யார் திட்டுவார் என்று விழித்து நிற்கும்,
கிடங்கு, அலுவலக, லாரிப் பணியாளர்கள்