எதுக்கு ஆகாது?

கொஞ்சம் உக்காருங்கய்யா... பின்னாடி நிக்கிறவங்களுந்தான். பிரகாசி வேண்டாம்னு கை தூக்குறதுக்கு முன்னால ஒரு சின்னக் கதை கேட்டுக்கிடுங்க. நான் பள்ளிக்கூடம் மிதிச்சவன் இல்ல. ஆனா காதுல விழுந்தது ஒண்ணும் போகாது.

ஸ்பெயின்காரன் மீன்பிடிக் கப்பல்ல சமையலுக்கு இருந்தேன். நம்ம ஆளுங்க ரெண்டு பேரு அதுல உண்டு. கஸ்பார் பழைய ஆளு, அவங்க பாஷை தண்ணியாப் பேசுவான். சிலுவைராயன் புதுசு. புது ஆளுன்னா முதல்ல ஐஸ் அறைதான்... அது அந்தக் கப்பல் வழக்கம். இவனுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கல. போவான்... விழுவான். தூக்கிட்டு வந்து அடுப்பு ஓரமாப் போடுவோம். மறுபடி போவான்... மறுபடி விழுவான்.

கரை தெரிஞ்சுது. கேப்டன் கஸ்பாரைக் கூப்பிட்டாரு. "கப்பலுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிற ஏஜெண்ட் வர்றான். உன் ஆளைப் பத்தி என்ன சொல்ல? யோசிச்சு வை."

கஸ்பார் மேல்தட்டுல அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கான்.

"என்னடே, காலுல வெந்நி ஊத்திக்கிட்டியா?"ன்னு கேட்டேன்.

"அண்ணே, ஆகாதுங்கிறதுக்கு அவங்க பாஷையில ஒரு சொல்லா இருக்கு? 'நோ ஆப்தோ'ன்னா தகுதியே இல்லாதவன். எந்தக் கப்பலும் ஏத்தாது. 'இம்ப்ரோப்பியோ'ன்னா நடத்தை சரியில்லன்னு ஆயிரும். 'இனாதெக்வாதோ'ன்னா இந்த வேலைக்குப் பொருந்தல, அவ்வளவுதான்."

"பெறகென்ன? கடைசியச் சொல்லேம்டே."

"நேத்து அவன் எல்லார் முன்னாலயும் என்னைக் கேப்டனுக்கு வால்பிடிக்கிறவன்னு சொன்னாம்லா? முத சொல்லைச் சொன்னா அவன் கதை முடிஞ்சுது!"

பாத்துக்கிடுங்க... கடலை விட்டா வேற பிழைப்பு தெரியாத ஒருத்தன், கீழ போர்வைக்குள்ள நடுங்கிட்டுக் கிடக்கான். அவன் சோறு இன்னொருத்தன் நாக்குல கிடக்கு!

ஏஜெண்ட் ஏறிட்டான். "சொல்லுடா!"ன்னு கேப்டன் அதட்டுறாரு. கஸ்பார் வாயைத் திறந்தான்...

"இனாதெக்வாதோ."

"எதுக்கு?"ன்னான் ஏஜெண்ட்.

"ஐஸ் அறைக்கு."

"அப்ப எதுக்கு ஆவான்?"

கஸ்பார் அதை யோசிக்கவே இல்லயே! கடுப்போட சொன்னான், "வலை கிழிஞ்சா அவன்தான் தைக்கணும் சார். எனக்கு அந்தக் கை வராது."

கேப்டன் வழக்கத்தை மாத்தி அவனை வலைப் பக்கம் போட்டாரு. அதுக்கப்புறமும் ரெண்டு பேரும் பேசிக்கிடல... அது வேற சமாச்சாரம். ஆனா சிலுவைராயன் கப்பல்ல இருந்தான்.

இப்ப உங்களைக் கேக்கேன். இவ்வளவு நேரமா "பிரகாசி கோயில் பாட்டுக் குழுவுக்கு ஆகாது, ஆகாது"ன்னு கத்துனீங்களே... குரல் ஆகாதா? சொல்லுங்க, பாடவிட்டுக் கேப்போம். இல்ல, புருஷனை விட்டுட்டு வந்தவ ஆகாதா? அதைத்தானய்யா வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்கீங்க! எல்லாத்தையும் ஒரே 'ஆகாது'க்குள்ள போட்டு மூடி, ஒரு பொம்பளைப் பிள்ளையை வாசலுக்கு வெளிய நிறுத்தப் பாக்கீங்க.

தூக்குங்க கையை. எதுக்கு ஆகாதுன்னு அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டுத் தூக்குங்க...

ம்... யாரு முதல்ல?