பேனாட் எண்டு ஒருத்தரும் இல்லை

— பதினொண்டு இருபது. பன்னிரண்டுக்கு மியூசியத்தைப் பூட்டிப்போடுவினமாம். இறங்குங்கோவன்.

— அங்கை பாரும் றோசி, பாலம். அமெரிக்காவிலையிருந்து அதாலை நடந்துதான் வந்தனான். அப்ப உது முடியவே முடியாது எண்டு நினைச்சன்.

— பாலத்தைத் திரும்பிப் போகேக்கையும் பாக்கலாம். ரொறன்ரோவிலையிருந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தது காருக்குள்ளை இருக்கவோ?

— உள்ளுக்கை என்ன கிடக்கப்போகுது? பீரங்கிக் குண்டும் பழைய தையல் மெசினும்.

— அகதிகளை வைச்சிருந்த வீட்டின்ரை சாமானெல்லாம் இஞ்சைதான் குடுத்தவையாம். நாட்குறிப்பும் இருக்காம். உங்கடை தம்பி இந்தப் பக்கம் வந்து சேந்தவனோ இல்லையோ எண்டு அதிலை இருக்கும்.

— இல்லாட்டி?

— இல்லாட்டி இல்லை எண்டு தெரியும். முப்பத்தாறு வருசமா அதுகூடத் தெரியாதே. ஸ்ரியறிங்கை விடுங்கோ.

— விட்டிட்டன். வாரும்.

— மெள்ளக் கதவைச் சாத்துங்கோ. கோயிலுக்குள்ளை வந்த மாதிரிக் கிடக்கு.

— சொன்னன்தானே, பீரங்கிக் குண்டு. தையல் மெசினும் நிக்குது.

— என்ரை மாதாவே. இந்தக் கண்ணாடிக்குள்ளை பாருங்கோ.

— என்ன?

— சாரம். நீலக் கோட்டுச் சாரம். எங்கடை பெடியன் ஆரோ இடுப்பிலை கட்டி, விட்டிட்டுப் போனது. மடிச்சு, லைற் போட்டு வைச்சிருக்கிறாங்கள்.

— பட்டாளத்தான்ரை சட்டைக்குப் பக்கத்திலை!

— வீட்டிலை உங்கடை பழசு நாலு கிடக்கு. அதையும் குடுப்பமே?

— சிரிக்காதையும். ஊரிலை பின்னேரத்திலை வரிசையாக் கொடியிலை காயும். இதுகளை ஆர் பாக்கப்போகினம் எண்டு இருந்தம்.

— நாட்குறிப்புக்கு மேசையிலை இருக்கிற அந்த வெள்ளை மனுசியிட்டைச் சொல்லிட்டன். உங்கடை பேரையும் எழுதினவ. குலசிங்கம் எண்டு. எந்த மாசம் எண்டு கேக்கிறா.

— மாசி, பெப்ரவரி. எண்பத்தொன்பது. நான் பதினோராந் திகதி வந்தனான். தம்பி அருள் மூண்டு நாள் பிந்தி வாறது எண்டு பேச்சு. பஃபலோவிலை நிக்கிறன் எண்டு அம்மாவுக்குத் தந்தி அடிச்சவன். அதோடை சரி. ஊரிலை சண்டை, கடிதம் போக்குவரத்தில்லை. அம்மாவும் அடுத்த வருசம் செத்துப்போனா. பிறகு ஆரைக் கேக்கிறது?

— நீங்கள் மூண்டு நாளும் நிண்டு பாத்தனீங்கள்தானே.

— இந்தச் சாரத்தின்ரை கரை இன்னும் வெளிறேல்லை.

— பேனாட்?

— ஒரு நாள்தான் நிண்டனான், றோசி. ரொறன்ரோவிலை பார்க்டேலுக்குப் போற வான் ஒண்டிலை ஒரு இடம் இருந்தது. ஏறிட்டன்.

— இதைக் கலியாணத்துக்கு முதல் சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருந்தா நீர் கட்டியிருக்க மாட்டீர்.

— கட்டியிருப்பன். கட்டின கையோடை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்திருப்பன். சரி, புத்தகம் வந்திட்டுது. இதிலை இருங்கோ.

— எத்தினை பக்கம்! எங்கையெண்டு தேடுறது?

— நான் ஒண்டும் பிரட்டேல்லை. வைச்சவுடனை தானாத் திறந்தது. மாசி பதினாலு. இஞ்சை பாருங்கோ!

— நீர் தமிழிலை வாசிச்சுச் சொல்லும். கண்ணாடி காருக்குள்ளை.

— ‘இண்டைக்குப் பாலத்தாலை ஒரு பெடியன் வந்தான். கோட் இல்லை. காதெல்லாம் வெளிறிப்போச்சு. தமையனைத் தேடுறான்.’

— அருள்.

— ‘தமையன்ரை பேர் பேனாட் எண்டான். பதிவை மூண்டு தரம் பாத்தம். பேனாட் எண்டு ஒருத்தரும் இல்லை. சொன்னம், நம்பேல்லை. கட்டில் கட்டிலாப் போய்ப் பாத்தான்.’

— நான் குலசிங்கம் எண்டெல்லோ பதிஞ்சனான். கள்ளப் பாஸ்போட்டிலை கிடந்த பேர். சொந்தப் பேரைச் சொன்னால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு ஏஜென்சிக்காரன் வெருட்டினவன்.

— அண்டு தொட்டு லைசென்ஸிலையும் அந்தப் பேர்தான். பேனாட் எண்டு கூப்பிட நானும் பங்குச் சுவாமியாரும்தான்.

— வெளிக்கிட முதல் அவனுக்கு எல்லாம் சொன்னனான். ரெண்டு சோடி சப்பாத்து கொண்டுவா எண்டன். பாலத்திலை கீழை பாக்காதை எண்டன். நான் குலசிங்கம் எண்டு மட்டும் சொல்லேல்லை.

— இன்னும் இருக்கு. ‘ஆறு நாள் படியிலை இருந்து பாலத்தைப் பாத்தான். இருவதாந் திகதி வினிப்பெக் போற ஆக்களோடை ஏத்திவிட்டம். கோட் ஒண்டு குடுத்தம்.’

— வந்திருக்கிறான். றோசி, வந்து சேந்திருக்கிறான்! நான் ரொறன்ரோ டெலிபோன் புத்தகத்தை எழுத்தெழுத்தாத் தேடினன். வருசா வருசம் அவன்ரை ஆத்துமத்துக்குப் பூசை குடுத்தன்.

— இஞ்சேருங்கோ. மனுசி சொல்லுறது கேட்டதோ?

— இல்லை. என்னவாம்?

— புத்தகம் தானாத் திறக்கேல்லையாம். ஒருத்தர் ஒவ்வொரு மாசியும் வந்து இந்தப் பக்கத்தைத்தான் எடுக்கச் சொல்லுறவராம். எட்டு வருசமா. வாசிச்சுப்போட்டு, பேனாட் எண்டு ஆரும் வந்தவையோ எண்டு கேட்டிட்டுப் போவாராம்.

— அதுக்கு இவ என்ன சொல்லுறவ?

— என்ன சொல்லுவா? இல்லை எண்டுதான். இண்டைக்குக் கேட்டிருந்தாலும் குலசிங்கம் எண்டு ஒருத்தர் வந்தவர் எண்டுதான் சொல்லியிருப்பா.

— அந்த மற்றப் புத்தகம் என்னது?

— வந்து போற ஆக்கள் எழுதுறது. பொறுங்கோ... போன மாசி. தமிழிலை கிடக்கு.

— றோசி.

— அருள்நாயகம். வினிப்பெக். கீழை நம்பரும் எழுதியிருக்கு.

— உது அவன்ரை எழுத்துத்தான். விரலை எடும், நான் தொட்டுப் பாக்க.

— தொட்டது காணும். நம்பரை அடியுங்கோ.

— நீர் அடியும்.

— அடிச்சிட்டன். மணி போகுது. இந்தாங்கோ.

— என்னெண்டு தொடங்கிறது? முப்பத்தாறு வருசம்...

— எடுத்திட்டினம். கதையுங்கோ!

— ஹலோ? அருள்நாயகம். ஆர் கதைக்கிறது?