சொல்லாமல் விட்ட வீடு

அன்றைய கூட்டத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தவர், விசாரிக்க வந்த அரங்கநாதன் ஐயா. அவருக்கு வியர்வை அதிகம் என்று அந்த நாற்காலியை நான்தான் நகர்த்திப் போட்டேன். அவருக்கு வலப்புறம் அறக்கட்டளைத் தலைவர் சுப்புராயன் ஐயா. இடப்புறம், அறக்கட்டளையின் கணினியைப் பார்த்துக்கொள்ளும் அய்யப்பன். எதிரே சன்னலோரம், மனைவியைப் பறிகொடுத்த பச்சமுத்து அண்ணன். கல்வராயன் மலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கி வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நான், தமிழ்வேந்தன். உங்கள் நால்வருக்கும் ஒரே கடிதத்தைத்தான் எழுதுகிறேன். ஆளுக்கு ஒரு விதமாக எழுதினால் யாருக்காவது ஏதாவது விட்டுப்போகும்.

வடக்கனந்தல் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது, பொருளை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு என்றார்கள். அதன்படி, பொருள்: ஜீப் போய் ஏற்றிவர வேண்டியவர்களின் பெயர்களிலிருந்து பச்சமுத்து அண்ணனின் மனைவி விஜயலட்சுமியின் பெயர் எப்படி விட்டுப்போனது என்பது குறித்து.

என் வேலையைப் பற்றி அன்றைக்குச் சுருக்கமாகத்தான் சொன்னேன். இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. கணினியில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் அடியில், அவற்றுக்கு இடம் பிரித்துக் கொடுத்துக் காவல் இருக்கிற ஒரு நிரல் உண்டு. கெர்னல் என்பார்கள். ஒரே கோப்பைப் பல நிரல்கள் தத்தம் நினைவகத்தில் விரித்துவைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் எழுதலாம். எழுதியதை, மின்சாரம் போனாலும் அழியாத வட்டில் சேர்க்கும்போது கெர்னல் அந்தக் கோப்பை விரித்துவைத்திருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் போய், இனி எழுதுவதாக இருந்தால் என்னிடம் சொல்லிவிட்டு எழுது என்று சொல்லிவிட்டு வரும். ஓர் இடம் விட்டுப்போனால், அங்கே எழுதப்படுவது கெர்னலுக்குத் தெரியாது. எழுதியவருக்கு எழுதினதாகத்தான் தோன்றும். ஆனால் அது வட்டுக்குப் போகாது. மின்சாரம் நின்றால் அதுவும் போய்விடும். அந்தச் சுற்றை வேகமாக்குவதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை.

வீட்டுக் கதையோடு சொன்னால் இது எளிதில் விளங்கும். என் அக்கா மலர்விழியின் கல்யாணத்துக்குப் பங்காளிகள் தெருவில் பத்திரிகை வைக்க நான் போனேன். தெருவுக்குள் கால் வைத்துவிட்டால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். எனக்கு வெயில் தாங்கவில்லை. பாதியில் திரும்பிவிட்டு, மறுநாள் விட்ட வீட்டுக்கு அடுத்த வீட்டிலிருந்து தொடர்ந்தேன். அந்த இடைவெளியில், கடைசி வீட்டில் இருந்த சித்தப்பா ஒருவர், கூரை ஒழுகுகிறது என்று சாமான்களோடு தெருத் தொடக்கத்தில் இருந்த தலைப்பு வீட்டுக்கு மாறிவிட்டிருந்தார். நான் கடைசி வீட்டுக்குப் போனபோது பூட்டியிருந்தது. தலைப்பு வீட்டை நான் முந்தைய நாளே தாண்டியிருந்தேன். சித்தப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. மணப்புடவையைக்கூட மாற்றாமல் அக்காதான் போய் அவர் வாசலில் நின்றாள்.

"நான்தான் சித்தப்பா அவன அவசரப்படுத்திக்கினு இருந்தேன். என்னத் திட்டுங்க. அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் என்னை அவசரப்படுத்தவே இல்லை.

இந்தத் தவறு வரக்கூடாது என்றுதான் கெர்னல் சுற்றி முடிக்கும்வரை தெருவையே பூட்டிவைக்கிறது. யாரும் வீடு மாற முடியாது. ஆனால் தெரு நீளமானால் காத்திருப்பவர்கள் கூட்டமும் நீளும். பெரிய கணினிகள் அந்தப் பூட்டின் முன்னால் மூச்சுத் திணறி நிற்கும். நான் செய்த திருத்தம் சின்னதுதான். சில வீடுகள் போனதும் பூட்டைத் திறந்து, காத்திருப்பவர்களை உள்ளே விட்டு, மறுபடி பூட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர்வது. வேகம் நன்றாகவே கூடியது. கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு இதை ஒருவன் செய்தான் என்று வெளிநாட்டில் இருந்து கெர்னலைப் பராமரிப்பவர்கள் ஆச்சரியப்பட்டு எழுதினார்கள். உண்மையான வேலை செய்கிற ஒரு கணினியில் ஓட்டிக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள்.

எனக்குத் தெரிந்த உண்மையான வேலை செய்கிற கணினி, சுப்புராயன் ஐயா, உங்கள் அறக்கட்டளையில்தான் இருந்தது. மலையில் பிரசவ நாள் நெருங்கிய பெண்களின் பெயர்களைத் தொண்டர்கள் கைப்பேசியில் பதிவார்கள். அந்தப் பெயர்களைப் பார்த்து மறுநாள் காலை கச்சிராயபாளையத்திலிருந்து ஜீப் ஏறும். நல்ல ஏற்பாடு. அய்யப்பனிடம் கேட்டேன். மறுக்காமல் போடவிட்டார். ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"அண்ணே, நடுவுல பூட்டத் தொறந்து வுட்றீங்களே, அந்த நேரத்துல எவனாவது எடம் மாறிக்கினு போய்ட்டா இன்னா பண்றது?"

"நீ மொதல்ல உன் யுபிஎஸ்ஸுக்கு நல்ல பேட்டரி வாங்கிப் போடு. அப்புறம் எனக்குப் பாடம் எடுக்கலாம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அது சரியான கேள்வி. அய்யப்பன், அதை இப்போதாவது உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் மத்தியானம், மலையில் சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று, உங்கள் தொண்டர்களில் ஒருத்தியான மலர்விழி அக்கா விஜயலட்சுமியின் பெயரைப் பதிந்தாள். பச்சைக் குறி வந்தது. சாயங்காலம் இடி இடித்து மின்சாரம் போனது. பேட்டரியும் சற்று நேரத்தில் கைவிட்டது. மறுநாள் காலை ஓட்டுநரிடம் போன பெயர்களில் விஜயலட்சுமி இல்லை. அவர் துணிப்பையோடு பாதையோரம் உட்கார்ந்து ஜீப்புக்காகக் காத்திருந்திருக்கிறார். வலி வந்த பிறகு தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். குழந்தை பிழைத்தது.

செய்தி வந்ததும் நான் துக்கத்துக்குப் போகவில்லை. முதலில் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். அய்யப்பன் எனக்காக டீ சொல்லக் கீழே இறங்கிய நேரத்தில் பழைய கெர்னலைத் திரும்பப் போட்டேன். உதவிக்கு வந்தேன் என்று அவர் நன்றி சொன்னார்.

பிறகு கூட்டம். மலர்விழியைக் கூப்பிட்டீர்கள். அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் போட்டேங்க சார். பச்சையா டிக்கு வந்துச்சிங்க. நல்லா பாத்தேங்க."

பச்சமுத்து அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "ஒரு பட்டன அமுக்கறதுக்கு இன்னாக்கா கஷ்டம் ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அரங்கநாதன் ஐயா, நீங்கள் என் பக்கம் திரும்பி, இயந்திரம் மறக்குமா என்றீர்கள். மின்சாரம் போனால் கடைசி அரை நிமிடத்தில் எழுதியது தொலையலாம், மத்தியானம் எழுதியது சாயங்காலம் தொலையாது என்றேன். எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கெர்னல் மாற்றினோமே என்று அய்யப்பன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். இப்போது என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பார்த்தார். பழையதுதான் ஓடிக்கொண்டிருந்தது. புதியதைப் போட்ட மறுவாரமே எடுத்துவிட்டேன் என்றேன். அது பொய்.

நீங்கள் என்னை நம்பியதற்குக் காரணம் என் படிப்பு இல்லை. அவள் என் உடன்பிறந்த அக்கா. சொந்த அக்காவுக்கு எதிராகச் சொல்கிறவன் உண்மையைத்தான் சொல்வான் என்று நினைத்தீர்கள். அப்படி நினைப்பீர்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. கடைத்தெருவில் பையைத் தவறவிட்டவர்கள் கையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தம்பி சொன்னா சரியாத்தாங்க இருக்கும். நான்தான் மறந்துட்டனோ இன்னாவோ."

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டாள், தான் அன்றைக்குப் பதிந்தாளா இல்லையா என்று. அங்கே இல்லாத என்னிடம். "வெயில்ல சுத்திக்கினு இருந்தியேக்கா, களைப்புல நேத்து போட்டத இன்னைக்குப் போட்டதா நெனச்சிருப்ப" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அந்தக் களைப்பை அவளே விவரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். எந்தப் பாறையில் உட்கார்ந்தாள், எப்படிக் கண் இருட்டியது என்று. நான் சொன்னதைவிட அவள் சொன்னது நன்றாக இருந்தது.

தொண்டர் வேலை போனது. இப்போது மரவள்ளிக் காட்டில் களை எடுக்கப் போகிறாள். ஓய்வு கிடைக்கிற நாளில் மலையேறி அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறாள். பச்சமுத்து அண்ணே, அவள் வந்தால் நீங்கள் எழுந்து உள்ளே போய்விடுகிறீர்களாம். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. "என் ஞாபகத்துக்கு எது வேணாலும் தகும்" என்றாள்.

அடுப்பை அணைத்தாளா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறாள். சாப்பிட்டாளா என்பதற்குத் தட்டைத் தொட்டுப் பார்க்கிறாள். எல்லாவற்றையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறாள்: பால், சாவி, தம்பி. களை எடுத்துவிட்டு வரும்போது பாதி அழிந்திருக்கும். அழிந்த எழுத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மருத்துவர் அவளுக்கு ஒன்றும் இல்லை என்கிறார். ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று பாக்கி. கூட்டத்துக்குப் பிறகு குறையைக் கண்டுபிடித்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. உங்கள் கணினியில் போடுவதற்கு முன்பே, என் அறையில் சோதனை ஓடும்போது, என் கண்ணெதிரே ஒரு தடவை அது நடந்தது. எழுதிய ஒரு சொல் இல்லாமல் போனது. ஏன் போனது என்பதையும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுகொண்டேன். சரிசெய்தால் கூடிய வேகத்தில் பெரும்பகுதி போய்விடும். அரிதிலும் அரிதாக நடப்பது, இவ்வளவு வீடுகளில் ஒரு வீடு என்று வைத்துக்கொண்டு, அந்தச் சோதனையை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். பிறகு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். அந்த ஒரு வீட்டில் யார் இருப்பார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. விஜயலட்சுமியைக் கொன்றது நான்தான். என் திருத்தத்தில் இருந்த அந்தக் குறை இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவன் என்ற இடத்திலும் என் பெயர்தான் இருக்கிறது.

என்ன தண்டனை வந்தாலும் ஏற்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவிடம் நீங்கள் யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். தான் மறந்துவிட்டோம் என்பதோடு வாழ அவள் பழகிக்கொண்டாள். இது தெரிந்தால் தம்பியும் இல்லை என்றாகிவிடும். கணவரும் இறந்துவிட்ட பிறகு அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நானே சொல்வேன், அவள் மனசு தெளிவாக இருக்கிற ஒரு நாளாகப் பார்த்து. உங்கள் நால்வர் மனதிலும் அவள் பெயர் சுத்தமாகிவிட்டால் இப்போதைக்கு அது போதும்.

பச்சமுத்து அண்ணே, உங்கள் பிரதியில் மட்டும் இந்தச் சில வரிகள் கூடுதல். மற்ற மூன்று கவர்களையும் ஒட்டிவிட்டேன். பசை தீர்ந்துவிட்டது என்றதும் அக்கா சோற்றுப் பருக்கை கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னா தம்பி, இத்தினி கவரு? எனக்குத் தெரியாம பொண்ணு பாத்துட்டியா? எங்கிட்ட சொல்லாமலே ஊருக்கெல்லாம் பத்திரிகை வெக்கிறியா?"

"ஆபீஸ் வேலக்கா."

"குடு. காட்டுக்குப் போற வழிதான், நானே தபால்ல போட்டுட்டுப் போறேன்."

சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்று, உள்ளங்கையில் 'தபால்' என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். மறக்காமல் போட்டுவிடுவாள். ஒட்டுவதற்கு முன் முகவரிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்: அரங்கநாதன், சுப்புராயன், அய்யப்பன், பச்சமுத்து. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் யாரும் விட்டுப்போகவில்லை.