ஏழங்குலம்

கான்கிரீட் சுவரில் வட்டமாகத் துளை போட்டால் உள்ளிருந்து உருளையாக ஒரு கல் வரும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்க அதைவிட வசதியான பொருள் கிடையாது. தொட்டி சாயாது, அடியில் ஈரம் தங்காது. நான் வேலை செய்யும் வீடுகளில் பாதிப் பேர் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் தங்கை பிலோமியும் கேட்டாள். அவள் வீட்டுச் சுவரில் துளை போட்டபோது வந்த ஆறு கற்களையும் முன்வாசலில் வரிசையாக வைத்து, மேலே ஆறு ரோஜாத் தொட்டிகளை வைத்தாள். வீட்டின் பின்பக்கம் மண்ணுக்குள் போன பிறகும் அந்த ஆறும் அப்படியே இருந்தன.

சனிக்கிழமை பிலோமியை அடக்கம் செய்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது, உங்கள் ஆட்கள் தொட்டிகளை இறக்கிவிட்டு அந்தக் கற்களுக்கு டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். சுவரை விட்டுவிட்டுக் கல்லை அளக்கத் தோன்றியவருக்கு வேலை தெரியும். இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன், மேடம். நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பிரெட்ரிக். ஐம்பத்து மூன்று வயது. இந்த மலையில் இருபத்தாறு வருடமாகக் கான்கிரீட் வெட்டுகிறேன். பழைய வீட்டில் புதிதாகக் கதவு வைக்க வேண்டும், ஜன்னலைப் பெரிதாக்க வேண்டும், சுவருக்குள் குழாய் போக வேண்டும் என்றால் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை என்னைத்தான் கூப்பிடுவார்கள். சுத்தியலால் உடைக்கிறவன் வேறு, வெட்டுகிறவன் வேறு. வட்டப் பிளேடு மூலைக்கு வரும்போது கோட்டைத் தாண்டி இரண்டு விரல் ஓடிவிடும். சோம்பேறிகள் அதன்மேல் சிமென்டைப் பூசி மறைத்துவிட்டுப் போவார்கள். அந்த இடத்தில்தான் பின்னால் விரிசல் கிளம்பும். நான் நான்கு மூலையிலும் முதலில் துளை போட்டுவிட்டுத்தான் பிளேடை வைப்பேன். என் வெட்டு மூலையைத் தாண்டியதே கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவது உங்களுக்குப் புரிய வேண்டும்.

பிலோமியின் புருஷன் அகஸ்டின், தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அப்பா அதே எஸ்டேட்டில் செடிகளுக்கு மருந்தடித்த கூலியாள். கல்யாணமாகி முப்பது வருடம் ஆகியும் அந்த வித்தியாசத்தை அவர் மறந்ததில்லை, எங்களை மறக்க விட்டதும் இல்லை. கம்போங் ராஜாவில் மலைச் சரிவை ஒட்டி வீடு வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் மண் சரியாமல் இருக்க ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர். சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே சமையலறை. மேலே மலையில் காய்கறித் தோட்டம், பிளாஸ்டிக் கூரை போட்டது. மழை பெய்தால் அந்தக் கூரைத் தண்ணீர் முழுக்கக் கீழேதான் இறங்கும்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒரு வாசல் வெட்டிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, வாசலின் மேல் மூலையிலிருந்து முடி அளவில் ஒரு விரிசல் கிளம்பியது. அகஸ்டின் விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினார். விரிசல் நீண்டால் அடுத்த கோடு, அடுத்த தேதி. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பிலோமி அதன்மேல் மாதா கோயில் காலண்டரை மாட்டி வைத்தாள்.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நாங்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவோம். சாப்பாடு முடிந்ததும் அகஸ்டின் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார்.

"பிலோமி, அந்தக் காலண்டர கொஞ்சம் தூக்கு. எல்லாரும் இங்க பாருங்க லா, நம்ம மச்சான் கைவேல. கதவு வெட்டுடான்னா வீட்டையே ரெண்டா வெட்டிட்டுப் போயிருக்கான்."

பிலோமி சிரித்துக்கொண்டே காலண்டரைத் தூக்குவாள். எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். முதல் வருடம் நான் விளக்கம் சொன்னேன். மலை பின்னாலிருந்து தள்ளுகிறது, தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை, சுவர் சமையலறையைத் தள்ள, சமையலறை வாசலைத் தள்ளுகிறது என்றேன்.

"மல தள்ளுதாம் லா!" என்றார் அகஸ்டின். "தன் கைய காப்பாத்திக்க மலை மேல பழியப் போடுறான் பாரு."

அன்று பிலோமி சிரித்த சிரிப்பில் காலண்டர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. ஏழு கிறிஸ்மஸ், மேடம். என்னிடம் வேலை கொடுக்க இருந்த ஆட்களும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் மகள் ரெனீ உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வருடம் அவளும் சிரித்தாள். பிலோமியின்மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. அவள் காலண்டரைத் தூக்கினாள், அவ்வளவுதான்.

இந்த வருடம் மே மாதம், பக்கத்து வீட்டுக்கு வந்த ஓர் இன்ஜினியர் இவர்கள் வீட்டையும் பார்த்தார். தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது, மலை தள்ளுகிறது, உடனே ஆறு துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும், அதுவரை சமையலறைப் பக்கம் யாரும் புழங்கக் கூடாது என்றார். வாசலை ஒழுங்காகத்தான் வெட்டியிருக்கிறார்கள், விரிசல் அதனால் வந்ததில்லை என்றும் சொன்னாராம். பிலோமிதான் போனில் சொன்னாள். அவர்கள் அடுப்பை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. அகஸ்டின் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பென்சில் கோடுகளை அழித்திருந்தால் போதும். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். "மச்சான், ஆறு ஓட்ட போடணும். சனிக்கெழம வந்துரு" என்றார்.

சனிக்கிழமை காலையில் மெஷினைத் தூக்கிக்கொண்டு, நான் வெட்டிய வாசல் வழியாகத்தான் பின்பக்கம் போனேன். காலண்டர் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன். புதிதாக ஒரு கோடு இருந்தது. இன்ஜினியர் வந்துபோன மறுவாரத் தேதி.

வெளியே மெஷினைச் சுவரில் பொருத்தினேன். அகஸ்டின் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"மெதுவா மச்சான். இதையும் பொளந்துடாத."

பிலோமி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். தட்டில் கோப்பைகள் கிலுகிலுவென்று ஆடின. அவ்வளவு சிரிப்பு.

அந்தத் தடுப்புச் சுவரின் கனம் ஒன்பது அங்குலம். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு அடையாளமாக, துளைக்கும் குழலில் ஒன்பதரை அங்குலத்தில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தேன். தேநீர் குடித்துவிட்டு அதைப் பிரித்து ஏழு அங்குலத்தில் ஒட்டினேன். கோபத்தில் செய்யவில்லை. ஆறு துளையையும் அந்த டேப் வரைக்கும்தான் போட்டேன். பின்னால் இரண்டு அங்குலக் கான்கிரீட் மிச்சம்.

சுவரின் அந்தப்பக்கம் வரை போயிருந்தால் கல் தானாக வெளியே வரும், பின்னாலேயே சேறும் தண்ணீரும் வரும். பாதியில் நிறுத்தினால் உளியைக் கொடுத்து உள்ளே கல்லை முறிக்க வேண்டும். முறித்து எடுத்தேன். துளைக்குள் குழாயைச் செருகிச் சுற்றிலும் சிமென்ட் பூசினேன். எலி நுழையாமல் இருக்க என்று சொல்லி வாயில் வலை வைத்தேன். துளை போடும்போது மெஷினுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் குழாய்களிலிருந்து கொஞ்ச நேரம் தண்ணீர் சொட்டியது. அகஸ்டின் குனிந்து பார்த்துவிட்டு, "ஓடுது லா" என்று திருப்தியாகச் சொன்னார்.

அன்று மத்தியானமே சமையலறையைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் நான்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்துக் கொடுத்தேன். பிலோமிக்கு முதுகுவலி, கனம் தூக்கக் கூடாது.

சுவர் விழ வேண்டும் என்று நான் நினைத்தேனா என்று கேட்டீர்கள். கொஞ்சம் சாயும், நான்கு இடத்தில் நிஜமான விரிசல் விடும், அகஸ்டின் பென்சிலை எடுத்துக்கொண்டு ஓடட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு நல்ல வெட்டுக்கும் கெட்ட வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு வேறு எப்படிக் காட்டுவது?

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும், பிலோமி கூப்பிட்டாள்.

"அண்ணே, வேலையில இருக்கியா?"

"மழையில என்னா வேல. சொல்லு."

"அவரு பிரிஞ்சாங் போயிருக்காரு, சமையக்கட்டுல நான் மட்டுந்தான். மூணு நாளா ஊத்துது. நீ வச்ச பைப்புல ஒரு சொட்டுத் தண்ணி வரலயே. சுவரு அடியில மட்டும் வேர்த்தாப்புல இருக்கு. இது நல்லதா கெட்டதாண்ணே?"

கேட்டவுடனேயே புரிந்துவிட்டது. மூன்று நாள் தண்ணீரும் சுவருக்குப் பின்னால் நிற்கிறது. வெளியே வா, பக்கத்து வீட்டுக்குப் போ என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். பிறகு அகஸ்டினிடம் சொல்வாள். பிரெட்ரிக் போட்ட துளை வேலை செய்யவில்லை என்று கூடத்தில் உட்கார்ந்து இன்னும் எத்தனை கிறிஸ்மஸுக்குப் பேசுவார்கள் என்று யோசித்தேன்.

"காஞ்சு கெடந்தா நல்லதுதான். பின்னால தண்ணி இல்லன்னு அர்த்தம்" என்றேன்.

"அப்பச் சரி. அவரு வந்ததும் சொல்றேன்" என்றாள். "அண்ணே, ஒண்ணு சொல்லணும். அந்தப் பென்சில் கோட்டையெல்லாம் நேத்து நானே அழிச்சிட்டேன். அவருக்குத் தெரியாது. இந்தக் கிறிஸ்மஸுக்குக் காலண்டர தூக்கச் சொன்னா தூக்க மாட்டேன். நானும் சேந்து சிரிச்சது தப்புதான். மனசுல வச்சுக்காத."

"சரி, சமையலப் பாரு" என்றேன்.

"மீன் வாங்கி வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம வா, ரெனீயையும் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

திரும்பக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். எடுத்தது நிஜம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துவிட்டு வைத்துவிட்டேன். சுவர் விழுந்தது பதினொன்றே முக்காலுக்கு என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. ஒன்றே முக்கால் மணி நேரம். அவளை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆனது. நானும் மண்வெட்டி பிடித்தேன். கான்கிரீட் துண்டுகளை வெட்டி நகர்த்த அங்கே என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

மாதா கோயிலில் அகஸ்டின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"உன் மேல தப்பே இல்ல மச்சான். நீ அன்னிக்கே சொன்ன. மலதான் தள்ளிருச்சு."

ஏழு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. சந்தோஷமாக இருந்தது, மேடம். மறைக்க மாட்டேன். ரெனீயும் கேட்டாளா என்று திரும்பிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். துளையை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினேன் என்பது சரி. சமையலறையில் அவள் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தும் போனில் பொய் சொன்னேன் என்பதும் சரி. நான் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் சரிதான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கடைசிப் பக்கத்தில், ஐந்தாவது கல் ஆறே முக்கால் அங்குலம் என்று இருக்கிறது. உளி கொடுத்து முறிக்கும்போது ஓரம் சிதறியிருக்கும். ஆறு துளையும் ஏழங்குலம்தான், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேண்டுமானால் சுவர்த் துண்டைத் தோண்டி எடுத்துத் துளைக்குள் டேப் விட்டுப் பாருங்கள். அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள், மேடம். நாளைக்கு யாராவது எடுத்துப் படித்தால், பிரெட்ரிக்குக் கை தவறிவிட்டது என்று நினைப்பார்கள்.