அன்புசெல்வியின் இடது முட்டி

கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும், ஜானகிராமன் சார். வலது மணிக்கட்டு இரண்டு முறை உடைந்தது. இரண்டு முறையும் வைத்தியம் பார்க்காமல் விட்டதால் அது தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது. வலுதூக்கும் சங்கத்தின் விசாரணைக் குழுவில் நீங்கள் நடந்ததை வாயால் சொல்லச் சொன்னீர்கள். வாயால் சொன்னால் நடுவில் யாராவது டீ கொண்டுவந்து வைப்பார்கள், எனக்குப் பேச்சு அறுந்துபோகும். அதனால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் அல்போன்ஸ். வயது ஐம்பத்தாறு. உப்பளம் பகுதியில் பழைய குடோன் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக வலுதூக்கும் பயிற்சிக்கூடம் நடத்துகிறேன். என் உடம்பைப் பற்றியும் நாலு வரி எழுதிவிடுகிறேன், அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் உண்டு. இரண்டு முட்டியும் போய்விட்டன. முதுகுத்தண்டில் இரண்டு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. வலது தோள் மூக்கு உயரத்துக்கு மேல் எழும்பாது. கோயிலில் நெற்றியில் பிதா, நெஞ்சில் சுதன் என்று சிலுவை போடும்போது என் பிதா நெற்றி வரைக்கும் போவதில்லை, மூக்கோடு நின்றுவிடுகிறார். பங்குச் சாமியார் இதைக் குறித்து ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். ரெட்டியார்பாளையத்தில் வீடு பார்க்கப் போனபோது நான் முதலில் பார்த்தது கழிப்பறையைத்தான். தரையோடு இருக்கிற வகை என்றால் உட்கார்ந்துவிடுவேன், எழுப்பிவிட இரண்டு ஆள் வேண்டும், அந்த இடத்துக்கு ஆள் கூப்பிடுவது மரியாதையில்லை.

இத்தனையும் கொடுத்து நான் வாங்கியது தென்னிந்தியப் போட்டியில் ஒரே ஒரு மூன்றாம் இடம். அந்தக் கோப்பையில் என் மனைவி வேளாங்கண்ணி கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புசெல்வி என்னிடம் வந்தபோது பத்தொன்பது வயது. காலாப்பட்டுப் பக்கம் மீனவக் கிராமம். அவள் அம்மா பாக்யலட்சுமி மீன் விற்கிறவர். அம்மாவுக்கு மீன்கூடை தூக்கியே முதுகு கெட்டிப்பட்ட பெண். முதல் நாளே நூறு கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்துவிட்டு, இவ்வளவுதானா என்பதுபோலப் பார்த்தாள். அப்படி ஒரு இடுப்பும் தொடையும் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மாட்டு வியாபாரி பார்க்கிற பார்வைதான் அது.

மூன்று வருஷத்தில் அவள் மாநிலத்தில் முதல் இடம். தேசியப் போட்டிக்குப் போக நூற்றுத்தொண்ணூறு கிலோ ஸ்குவாட் போட வேண்டும், அதாவது தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். நூற்று எழுபத்தைந்தில் ஒருநாள் எழுந்தவள் இரும்புப் பாரை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“மாஸ்டர், எடது முட்டில டப்புனு ஒரு சத்தம் வந்துச்சு.”

“வந்தா வந்துட்டுப் போவுது. முட்டின்னா சத்தம் போடத்தான் செய்யும்,” என்றேன்.

எங்கள் தொழிலில் முட்டிக்குப் பட்டை சுற்றுவது மாஸ்டரின் வேலை. இரண்டு மீட்டர் நீளம், அழுத்தமான எலாஸ்டிக். தூக்குகிறவரே சுற்றிக்கொண்டால் போதுமான இறுக்கம் வராது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலை என் தொடைமேல் நீட்டுவாள், நான் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு இழுத்துச் சுற்றுவேன். வலி தெரியாமல் இருக்க அவள் சுற்றுகளை எண்ணுவாள். எப்போதும் ஏழு வரும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு இரண்டு வாரத்தில் ஆறோடு பட்டை தீர்ந்துவிட்டது.

“ஆறுதான் வருது மாஸ்டர். முட்டி வீங்கியிருக்கா?”

“தொவச்சி வெயில்ல போட்டேன். சுருங்கிப்போச்சு.”

எலாஸ்டிக் பட்டை எங்கே சுருங்கும் என்று அவள் கேட்கவில்லை. மாஸ்டர் சொன்னால் சுருங்கும். மறுவாரம் பயிற்சிக்கு மட்டும் என்று அரை மீட்டர் நீளம் கூடுதலான பட்டை ஒன்று வாங்கினேன். ஏழு சுற்று வந்தது. அவளுக்குச் சந்தோஷம்.

ஆனாலும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நானே வண்டியில் கூட்டிப்போனேன். ரிப்போர்ட் மறுநாள் வரும் என்றார்கள். காலாப்பட்டிலிருந்து அவளை இன்னொரு தரம் அலைய வைப்பானேன் என்று நானே போய் வாங்கி டாக்டரிடம் காட்டினேன். அவர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார்.

“ஜவ்வு கிழிஞ்சிருக்கு. சின்ன ஆபரேஷன், ஆறு மாசம் ரெஸ்ட். அப்புறம் பழையபடி தூக்கலாம். இப்டியே தூக்கினா மொத்த முட்டியும் போயிடும் சார்.”

சதைப்பிடிப்புதான், தைலம் தேய்த்தால் போய்விடும் என்று டாக்டர் சொன்னதாக நான் அன்புசெல்வியிடம் சொன்னேன். ரிப்போர்ட்டை ஒளித்துவைக்க உயரமான இடத்துக்கு என் தோள் எட்டாது, தாழ்வான இடத்துக்கு முதுகு வளையாது. ஆகவே என் மேஜை டிராயரில் போட்டேன். அதற்குப் பூட்டு கிடையாது. பதினான்கு மாதம் அது அங்கேயே இருந்தது. மாஸ்டரின் மேஜையை எங்கள் கூடத்தில் யாரும் திறப்பதில்லை.

வலி மாத்திரை கொடுத்துப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்றாள்.

“வலி இருந்தாதான மாஸ்டர் எங்க நிறுத்தணும்னு தெரியும்?”

புத்திசாலிப் பெண். என் கூடத்தில் எவனும் இதுவரை இப்படிப் பேசியதில்லை. பயிற்சிக்கு முன்னால் எல்லோருக்கும் நான் சத்துமாவுக் கஞ்சி ஊற்றிக் கொடுப்பது வழக்கம். அவள் டம்ளரில் மட்டும் இரண்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். கசப்பு தெரியாமலிருக்க வெல்லம் கூடப் போட்டேன். எனக்கு மட்டும் ஏன் மாஸ்டர் இவ்வளவு இனிப்பு என்று கேட்டு, தனிக் கவனிப்பு என்று அவளே முடிவுசெய்துகொண்டாள். வாரத்துக்கு நான்கு நாள், பதினான்கு மாதம். முட்டி வலி குறைந்தது. தைலம் நன்றாக வேலை செய்கிறது என்று தன் அம்மாவுக்கும் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தாள்.

போன தை மாதம் தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டி. அன்றைக்குக் கஞ்சியில் மூன்று மாத்திரை. நூற்றுத்தொண்ணூறைத் தோளில் வாங்கி அழகாகக் கீழே இறங்கினாள். பாதி எழும்போது இடது கால் உள்பக்கமாக மடிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பாரைப் பிடித்துவிட்டார்கள். முட்டியை யாராலும் பிடிக்க முடியவில்லை. அவள் தரையில் கிடந்து என்னைத்தான் பார்த்தாள்.

“பெருசா வலிக்கவே இல்லியே மாஸ்டர். கால் ஏன் நிக்க மாட்டேங்குது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஆபரேஷன் நடந்தது உங்களுக்குத் தெரியும். இருபத்துமூன்று வயதில் ஊன்றுகோல். எலும்போடு எலும்பு உரசுகிறதாம், கொஞ்ச வருஷத்தில் முட்டியையே மாற்ற வேண்டிவருமாம். மீன் அரியவும் விற்கவும் தரையில் உட்கார வேண்டும், அவளால் உட்கார முடியாது. ரிப்போர்ட் பிரதி கேட்டு ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போனது பாக்யலட்சுமிதான். என்னிடம் வந்து திட்டவில்லை. பிரதியில் இருந்த தேதியை மட்டும் விரலால் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்பதற்காக, என்று போன முறை சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் காரணமும் அதுவல்ல. முப்பது வருஷம் முன்னால் இன்னொரு டாக்டர் என்னிடமும் இதையே சொன்னார். ஆறு மாதம் ஓய்வு, அப்புறம் பழையபடி தூக்கலாம். நான் கேட்கவில்லை. ஓய்வெடுப்பவன் ஆம்பளையே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது இந்தப் பெண் ஆறு மாதம் வீட்டில் படுத்திருந்து, எழுந்து வந்து, சிரித்துக்கொண்டே நூற்றுத்தொண்ணூறு தூக்கிவிட்டால் என் முட்டிகளை நான் என்னவென்று சொல்வது? வெறும் முட்டாள்தனம் என்றுதானே? அதை என்னால் தாங்கியிருக்க முடியாது. அவள் ஓயாமல் தூக்கியே ஜெயிக்க வேண்டியிருந்தது. ஆக, அவள் முட்டியைக் கெடுத்தது விபத்து அல்ல, நான். தெரிந்தேதான் செய்தேன்.

ஆனால் அவளுக்கு என்மேல் வருத்தம் இருப்பதாகக் குழுவில் யாரோ சொன்னீர்கள். அது மட்டும் சரியில்லை. ஒரு மாதமாக அவள் தினமும் சாயங்காலம் என் கூடத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் வந்து உட்காருகிறாள். உள்ளே வர வெட்கம் போலும். புதிதாக வருகிற பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கால் மணி நேரம் பேசுகிறாள், பாவாடையை விலக்கி முட்டியில் தையல் போட்ட இடத்தைக் காட்டுகிறாள். எட்டுப் பேர் இருந்தார்கள், இப்போது வருவது ஒருத்திதான். மனவுறுதி இல்லாததுகள் தானாகக் கழிந்துபோகின்றன, எனக்காக அவளே வடிகட்டித் தருகிறாள். கோபம் இருக்கிறவள் ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறி தினமும் வருவாளா சார்?