ஒரு நம்பர் சின்னன்

ஸ்கீ பூட்ஸ் வாங்க வாற ஆக்களிலை முக்கால்வாசிப் பேர் முதல்லை பாக்கிறது நிறத்தைத்தான், அண்ணை. ஜக்கெற்றுக்குப் பொருந்துதோ எண்டு பாப்பினம். உதைச் சாப்பாட்டு மேசையிலை வையாதையுங்கோ, கீழை வையுங்கோ, சுபாங்கி கண்டால் பேசுவா. அவ அண்ணியோடை ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாத்தப் போயிட்டா, வர இன்னும் நேரம் செல்லும். தேத்தண்ணியை ஆற முந்திக் குடியுங்கோ. இந்தப் பனிக்குள்ளை ஒஷாவாவிலை இருந்து காரோடி வந்திருக்கிறியள், தங்கச்சியின்ரை காலுக்கு என்ன நடந்தது எண்டு கேக்கத்தானே. நான் ஒண்டும் மறைக்க மாட்டன்.

கராஜுக்குள்ளை போய் அந்தப் பூட்ஸைத் தேடி எடுத்து, உள்ளுக்கை அடிச்சிருக்கிற நம்பரைப் பாத்து, அவவின்ரை மற்றச் சப்பாத்தோடை வைச்சு அளந்திருக்கிறியள். சரியாத்தான் அளந்திருக்கிறியள். ஒரு நம்பர் சின்னன். பிழையா மாறி வந்திட்டுதோ எண்டு கேக்கிறியள். இந்தப் பூட்ஸ் விக்கிற வேலையிலை என்ரை தலை நரைச்சுப்போச்சு, செல்வரட்ணம் அண்ணை. கரடுமுரடான கால் ஆரும் வந்தால், "சச்சியைக் கூப்பிடு" எண்டுதான் எங்கடை கடையிலை சொல்லுவினம். என்ரை கையாலை நம்பர் மாறாது.

பனிமலையிலை ஸ்கீ விடுறதிலை ரெண்டு விதம் இருக்கு, அண்ணை. ஒண்டு, காசு கட்டி, கம்பியிலை ஓடுற லிப்டுக் கதிரையிலை ஏறிப் போய்ச் சறுக்கி வாறது. மற்றது, லிப்டும் இல்லை, கடையும் இல்லை, காட்டு மலையிலை தன்ரை காலாலையே ஏறி, பேந்து இறங்குறது. முதலாவதுக்கு இறுகின பூட்ஸ் வேணும். ரெண்டாவதுக்குக் கணுக்கால் அசையிற, பாரம் குறைஞ்ச பூட்ஸ் வேணும். ரெண்டுக்கும் பொதுவா ஒண்டு கிடக்கு, அதுதான் உது. பின்பக்கம் ஒரு சின்ன நெம்பு தெரியுதோ? மேலை தட்டினால் நடக்கலாம், கீழை அமத்தினால் இறுகும், சறுக்கலாம். சுபாங்கி ஆசைப்பட்டது உதுக்குத்தான்.

அவவுக்கு ஸ்கீ பழக்கினது நான். பிள்ளை நடை பழகிற மாதிரிக் கையைப் பிடிச்சுப் பழக்கினனான். பேந்து என்ரை முழங்கால் போச்சுது. அதுக்குப் பிறகு, கொலிங்வுட் பக்கம் போனால் நான் கன்ரீன் கண்ணாடியடியிலை கோப்பியோடை இருப்பன். அவ லிப்டிலை ஏறுவா, இறங்குவா, கீழை வந்து எனக்குக் கை காட்டுவா. எனக்கு அது காணும். அவவுக்கும் அது காணும் எண்டுதான் நினைச்சிருந்தனான்.

அதுக்குள்ளை கிருபன் வந்து சேர்ந்தான். உங்களுக்குத் தெரியும், மார்க்கம் றோட்டிலை இருக்கிற அந்த வாத்திப் பெடியன், இஞ்சை பிறந்தவன். அவனும் நாலைஞ்சு சிநேகிதரும் கியூபெக் பக்கம் காட்டு மலைக்குப் போறவை. "அக்கா, லிப்ட் எல்லாம் உங்களுக்குப் போரிங். யூ ஆர் ரெடி, எங்களோடை வாங்கோ" எண்டான். ஆரிட்டையோ இரவல் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒருநாள் போனவ.

அவனிலை சந்தேகமோ எண்டு கேக்கிறியள். சீ, இல்லை. அவன் வாய்க்கு அக்கா எண்டு கூப்பிடுற பெடியன் இல்லை, மனசாலை கூப்பிடுறவன். சந்தேகம் எண்டால் எனக்கு லேசாயிருந்திருக்கும், சண்டை பிடிச்சு முடிச்சிருப்பன். திரும்பி வந்த அண்டைக்கு அவ குசினிக்குள்ளை வெங்காயம் வெட்டிக்கொண்டு தனியச் சிரிச்சவ. என்ன எண்டு கேட்டனான். "ஒண்டுமில்லை, அந்த மலை ஞாபகம் வந்தது" எண்டவ. எனக்குப் பத்தி எரிஞ்சுது, அண்ணை. உள்ளதைச் சொல்லுறன். என்னைக் கட்டின காலத்திலை இருந்து என்னாலை அவ ஒரு நாளும் அப்பிடிச் சிரிச்சதில்லை. ஒரு மனிசனோடை போட்டி போடலாம். மலையோடை நான் என்னெண்டு போட்டி போடுறது?

போகாதையும் எண்டு நான் சொல்லேல்லை. பெஞ்சாதியைத் தடுத்து வைக்கிற ஆள் நான் இல்லை, அது உங்களுக்கே தெரியும். "இரவல் பூட்ஸ் வேண்டாம், உமக்கு நானே பாத்து எடுத்துத் தாறன்" எண்டனான். நல்லாச் சந்தோசப்பட்டவ.

உள்மெத்தையைக் கழட்டிப்போட்டு வெறும் கோதுக்குள்ளை காலை வைச்சுப் பாக்கவேணும். விரல் முன்னாலை முட்டேக்கை குதிக்குப் பின்னாலை ரெண்டு விரல் போனால் அளவு சரி. அவவுக்கு ஒண்டுதான் போச்சுது, அதுவும் நெருக்கிக்கொண்டு. பேந்து மெத்தையைப் போட்டு, "முழங்காலை மடிச்சு முன்னுக்குச் சாயும்" எண்டனான். அப்பிடிச் சாயேக்கை குதி பின்னாலை போகும், விரலுக்கு இடம் வந்த மாதிரி இருக்கும். நிமிர்ந்து நடந்தால்தான் நகம் போய் இடிக்கும். மற்ற ஆக்களை நெம்பைத் தட்டிவிட்டுக் கடை முழுக்க நடக்க விடுறனான். அவவை நடக்க விடேல்லை. "இறுக்கமா இருக்கு, இஞ்சருங்கோ" எண்டவ. "புதுசு அப்பிடித்தான், போகப்போக இளகும்" எண்டனான். என்னை நம்பாமல் அவ வேறை ஆரை நம்புறது?

நான் நினைச்சது இவ்வளவுதான். விரல் நோகும், பாதி மலையிலை திரும்புவா, இனி இந்த விசர் வேண்டாம் எண்டு லிப்டடிக்கே வந்திடுவா. ஆருக்கும் ஒரு சேதமும் இல்லை.

சொக்ஸ் கதையும் சொல்லவேணும். இஞ்சை எங்கடை சனம் முழுக்கக் குளிருக்கு ரெண்டு சோடி சொக்ஸ் போடும். சுபாங்கி வந்து இறங்கின முதல் பனியிலை, சென் ஜேம்ஸ் ரவுண் அப்பார்ட்மென்ரிலை வைச்சு, அவவுக்கு ரெண்டு சோடி போட்டுவிட்டது நீங்கள்தான். நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள், அதுக்கு மனவருத்தப்படாதையுங்கோ. ஆனால் இறுக்கமான பூட்ஸுக்குள்ளை ரெண்டு போட்டால் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத கால் சூடாகாது. மெல்லிசா ஒண்டு போடுங்கோ எண்டு கடைக்கு வாற தமிழாக்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துபோச்சு. அவவின்ரை பழைய பூட்ஸ் அகலம், ரெண்டு போட்டாலும் காணும், அதாலை வீட்டிலை அந்தக் கதை வரேல்லை. அவ மலைக்கு வெளிக்கிடேக்கை மொத்தமான ரெண்டு சோடி சொக்ஸைப் பைக்குள்ளை வைக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். பையின்ரை சிப்பை நான்தான் இழுத்துவிட்டனான்.

அண்டைக்கு அங்கை நல்ல குளிர், காத்தும் அடிச்சது. பாதி மலையிலை ஒரு குடிலுக்குள்ளை நிண்டு எனக்கு ஃபோன் எடுத்தவ. இது ஒருதருக்கும் தெரியாது, கிருபனுக்கும் தெரியாது, அவன் வெளியிலை நிண்டவன். "கால்விரல் விறைச்சுப்போச்சு, கழட்டித் தேய்க்கட்டோ? இஞ்சை அடுப்பு எரியுது" எண்டவ. அடுப்பு இருந்தது, அண்ணை. கழட்டியிருந்தால் ஒண்டும் நடந்திருக்காது.

"கழட்டாதையும். குளிரிலை கழட்டினால் திரும்பப் போடேலாது. ஏறும், ஏற ஏறச் சூடு வரும்" எண்டனான்.

"முதல் சரியா நொந்தது. இப்ப நோகேல்லை" எண்டவ.

நோ நிண்டால் என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியும். இந்த நாட்டிலை அது தெரியாமல் ஒருதன் பூட்ஸ் விக்கேலாது. "அப்ப நல்லதுதானே" எண்டனான். அவ இன்னும் ஃபோனை வைக்கேல்லை. "இஞ்சருங்கோ, இஞ்சை எவ்வளவு வடிவு தெரியுமோ" எண்டவ. கால் செத்துக்கொண்டு இருக்கு, குரல் அவ்வளவு சந்தோசம். அப்ப எனக்கு வேறை ஒரு எண்ணமும் வரேல்லை. "கவனமாப் போயிட்டு வாரும்" எண்டு வைச்சிட்டன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். இடது காலிலை பெருவிரலும் பக்கத்து விரலும், வலது காலிலை விரல் முழுக்க வெட்டி எடுத்தாச்சு. இனி மலையில்லை, லிப்டும் இல்லை. குளிக்க வாக்கிறது, கட்டுக்கு மருந்து போடுறது, படியிலை தூக்கி இறக்கிறது எல்லாம் நான்தான். வேலையிலையும் நாள் குறைச்சிட்டன். வந்து பாக்கிற ஆக்கள், இப்பிடி ஒரு புருசன் ஆருக்குக் கிடைக்கும் எண்டு சொல்லிப்போட்டுப் போகினம். முன்னையிலும் பாக்க நாங்கள் இப்ப நல்லாக் கதைக்கிறம், அண்ணை. அவ சிரிக்கிறது மட்டும் குறைவு.

அவவுக்குச் சொல்லப்போறன் எண்டுறியள். சொல்லுங்கோ, நான் மறிக்கேல்லை. ஒண்டை மட்டும் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ. விரல் எடுத்த அண்டைக்கு டொக்டர் எத்தினை சொக்ஸ் போட்டனீங்கள் எண்டு கேட்டவர். இவ ரெண்டு எண்டவ. அவர் தலையை ஆட்டிப்போட்டுப் போயிட்டார். போன உடனை இவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழத் தொடங்கினா. "நீங்கள் பாத்துப் பாத்து எடுத்துத் தந்தனீங்கள், நான் மோட்டுத்தனமா என்ரை காலையும் பழுதாக்கி உங்களையும் கஷ்டப்படுத்திப் போட்டன், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதவ.

நீங்கள் என்னைப் பற்றி என்னவும் நினையுங்கோ. நான் கல்நெஞ்சன் இல்லை, அண்ணை. அவவை நான் அந்த இடத்திலையே மன்னிச்சிட்டன்.