ஏழாம் நம்பர் ரத்தம்

இது எந்த ஊரு நியாயம்க்கா? பத்து மணியிலேருந்து ஒக்காந்திருக்கேன், எனக்குப் பின்னாடி வந்தவங்கல்லாம் உள்ள போயி மருந்துச் சீட்டோட வெளிய வந்துட்டாங்க. அந்த அன்னவாசல் தாத்தா இருமிக்கிட்டே வந்தாரு, சிரிச்சுக்கிட்டே போறாரு. புதுக்கோட்டையிலேயே பெரிய காது மூக்கு தொண்டை டாக்டராம், ஒரு வரிசை பாத்து விடத் தெரியல. நான் ஒருத்தி டோக்கனையும் இவங்க நிரப்பச் சொன்ன இந்தப் பாரத்தையும் வச்சுக்கிட்டு மீன்தொட்டியப் பாத்துக் கெடக்கேன். அந்த மீனுக்கே என் மொகம் சலிச்சிருக்கும்.

நீங்க கொஞ்சம் இங்கிட்டு, வலது பக்கமா வந்துருங்களேன். அங்கிட்டு ஃபேன் சத்தம், ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.

எனக்கா? எனக்கு என்ன நோயி... எங்க கைடு செந்தமிழன் சாரோட பிடிவாதம்தான் நோயி. நான் பி.எச்டி. பண்றேன்க்கா, பேரு கலைமதி, கந்தர்வக்கோட்டைப் பக்கம். மூக்குக்குப் பின்னாடி, தொண்டைக்கு மேல ஒரு சந்து இருக்கு. அங்க கேன்சர் வந்தா சட்டுனு தெரியாது. ஒருத்தரு காதடைப்புன்னு சொட்டு மருந்து ஊத்திக்கிட்டுத் திரிவாரு, இன்னொருத்தரு மூக்குல ரத்தம் வந்தா சூடுன்னு எளனி குடிப்பாரு. கழுத்துல கட்டி வந்தப்புறம்தான் ஓட்டம். அதுக்கு முன்னாடியே ரத்தத்துல துப்புக் கெடைக்குமான்னு பாக்குறது எங்க வேலை.

ஒரு வைரஸ் இருக்கு. முக்காவாசிப் பேரு ஒடம்புல சும்மா படுத்துக் கெடக்கும், கல்யாண வீட்டுக்கு அழைக்காம வந்து தூங்குற ஒறவுக்காரன் மாதிரி. அது அந்தச் சந்துல வாலாட்டுச்சுன்னா, அத எதுக்குற ஒரு பொருளு ரத்தத்துல கூடும். வைத்தியம் முடிஞ்சும் வைரஸோட துணுக்கு ரத்தத்துல மிச்சமிருந்தா, நோய் திரும்பலாம்னு அதுவே காட்டிக் குடுத்துரும். நல்ல வேலைதானே? ஆனா ரத்தங் கேட்டுப் போனா கிட்னியக் கேட்ட மாதிரி பாக்குறாங்க. முந்திரித் தோப்புல வேலை பாக்குற பரிமளாக்காகிட்ட ரத்தங் கேட்டு ஒரு மணி நேரம் சண்டை. "காதடைப்பு உண்டா இல்லையா, ஒளிக்காமச் சொல்லுங்க, பாரத்துல பொய் எழுதினா மொத்த ஆராய்ச்சியும் குப்பை"ன்னு கத்திட்டு வந்தேன்.

இதுல ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத ரத்தமும் வேணும். ஆளு பத்தலன்னா லேப்ல இருக்குறவங்களே கைய நீட்டிருவோம். அப்பிடி எடுத்த இருவதுல ஏழாம் நம்பர்ல மட்டும் அந்தப் பொருளு எகிறி நிக்கிது. டெஸ்ட் கிட்டுல கோளாறுன்னேன், புதுக் கிட் வந்துச்சு. லேப்ல டெஸ்ட் பண்ற ஜெஸ்வினுக்குக் கை சுத்தமில்லன்னேன், சாரே ஒக்காந்து பண்ணாரு. மூணு தடவையும் அதே. எகிறினா நோய்னு அர்த்தமில்லக்கா. நூறு பேருக்கு எகிறினா தொண்ணூறுக்கு மேல ஒண்ணும் இருக்காது. ஊர் ஊரா நான் சொல்ற பாடம் அது. "அப்பறம் என்னம்மா பயம், கேமராக் குழாய விட்டுப் பாத்துட்டு வா"ன்னு எனக்கே திருப்பிச் சொல்றாரு மனுசன்.

ஆமா, ஏழாம் நம்பர் நாந்தான்.

ஏன் கதவையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்குறீங்க... கூப்பிட்டாங்களா? எப்ப? மூணு தடவையா... அந்தத் தாத்தாவுக்கு முன்னாடியேவா? நீங்க கையக் காட்டுனீங்களா, நான்தான் பேசிக்கிட்டே இருந்தேனா. சிஸ்டர் எங்க நிக்கிறாங்க, இடது பக்கமா...

ஃபேன் ஓடவே இல்லையா?

ரெண்டு மாசமா இந்த இடது காது இப்பிடித்தான்க்கா. இயர்போன் போட்டதாலன்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்றதும் பொய்தான், அப்பிடி நெனச்சுக்கிட்டேன். லேப் பாரத்துல காதடைப்புக்கு நேரா "இல்லை"ன்னு என் கையால எழுதினேன், பரிமளாக்காகிட்ட கத்திட்டு வந்த அதே வாரம். இங்கயும் அதத்தான் கேட்டிருக்காங்க, ஆறாவது கேள்வி. பாருங்க, அது மட்டும் வெறுமனே கெடக்கு.

வாரேன் சிஸ்டர், ஒரு நிமிசம்.

அக்கா, ஒங்ககிட்ட பேனா இருக்கா?